ஒத்தக்காதனுக்கு ரிவிட் அடித்தவர்

பேருந்து வந்து நின்றதும் சிலுவைமுத்து ஏறுவதில்லை. பக்கவாட்டுத் தகட்டில் வலது கட்டைவிரலை வைத்து, முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை ஓட்டிக்கொண்டே போகிறார். ரிவிட் இருக்கும் இடங்களில் விரல் ஒரு கணம் நிற்கிறது. ஏதோ ஒன்றில் இரண்டு கணம் நிற்கிறது. அதற்குள் மற்றவர்கள் ஏறிவிடுகிறார்கள். ஓட்டுநர் பர்மியத்தில் சத்தம் போடுகிறார். சிலுவைமுத்து கடைசி ஆளாக, அவசரமில்லாமல் ஏறுகிறார்.

"பாதி பசை தம்பி. இப்பல்லாம் ரிவிட் அடிக்காம ஒட்டித்தான் விடுறான்" என்று என்னிடம் சொல்கிறார்.

கூட வரும் நாட்களில் அவருடைய மகள் பெர்சிஸ் நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். "அப்பா, தடவிக் குடுத்தாத்தான் ஓடும்னு நெனப்பா? அது மாடு இல்ல, பஸ்ஸு."

எழுபத்திரண்டு வயது. உயரமில்லை. தோள் அகலம். இடது காது மந்தம். பேசுபவர்கள் வலப்பக்கம் வரும்வரை காத்திருப்பார், வராவிட்டால் அவரே சுற்றிவந்து நிற்பார். தாமுவே பகுதியில், மூன்றாவது மாடியில், மகள் வீட்டில் இருக்கிறார். நகரத்தில் மின்சாரம் முறைவைத்து வர ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு வேலை கூடிவிட்டது. வீட்டுக்கு வீடு சூரியத் தகடு மாட்டுகிறார்கள். அதைத் தாங்க பால்கனிக் கம்பியோடு சேர்த்து ஒரு அலுமினியச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தை அவர் செய்துகொடுக்கிறார். துளை போடும்போது நாக்கை மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் சட்டத்தில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டுவார். கீழே தெருவில் போகிறவர்கள் அலறுவார்கள்.

"நான் தாங்குனா தகடு தாங்கும்" என்பது அவருடைய உத்தரவாதம். காகிதத்தில் எதுவும் எழுதித் தருவதில்லை.

மிங்கலாடோன் விமான நிலையத்துப் பக்கமிருந்து விமானம் ஏதாவது எழும்பினால் தெருவே அண்ணாந்து பார்க்கிறது. இப்போது எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பயணிகள் விமானமா, ஊர்களில் குண்டு போடப் போகிற மற்றதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிலுவைமுத்து மட்டும் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு விமானத்தில் அவர் வேலை செய்திருக்கிறார். அதை அவர் என்னிடம் சொல்லவே இரண்டு வருடப் பழக்கம் தேவைப்பட்டது. அந்த விமானத்தை வைத்து, ஓடைக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் இருக்கும் பீர் முகைதீன் என்பவரிடம் அவர் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லவில்லை.

பட்டறையின் பெயரை அவர் கேட்டுக்கொண்டபடி விட்டுவிடுகிறேன். ராணுவத்துக்காக வேலை செய்த பட்டறை என்பது போதும். சிலுவைமுத்துவின் தாத்தாவும் அப்பாவும் இன்ஸீன் ரயில் பட்டறையில் கொதிகலனுக்கு ஆணி அடித்தவர்கள். பீர் முகைதீனின் அப்பாவும் அங்கேதான். அந்தக் கைப்பழக்கத்தை நம்பி இருவரையும் தினக்கூலிக்கு எடுத்தார்கள். பேரேட்டில் பர்மியப் பெயர்கள். உள்ளே ஒருவருக்கொருவர் சிலுவ, முகைதீனு.

செய்தது ஒரே ஒரு விமானம். ஒருவர் மட்டும் உட்காரும் சிறிய தாக்குதல் விமானம், மாதிரிக்காக. தாழப் பறந்து சுட வேண்டும். மூக்குக்கு வலப்பக்கம் குடைந்து ஒரு பெரிய துப்பாக்கியை வைத்தார்கள். சுட்டால் வரும் புகை இஞ்சினுக்குள் போனால் இஞ்சின் மூச்சுத் திணறும். அதனால் காற்று உள்ளிழுக்கும் வாயை இடப்பக்கம் மட்டும் வைத்தார்கள். வலப்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். இடப்பக்கம் காது மாதிரி புடைத்துக்கொண்டு ஒரு ஓட்டை. எதிரே நின்று பார்த்தால் முகம் கோணியிருக்கும். வரைபடத்தில் அதற்கு ஒரு எண்தான். தமிழ் ஆட்கள் ஒத்தக்காதன் என்றார்கள். பிறகு பர்மியர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள், அர்த்தம் தெரியாமல்.

"அழகா இருந்துச்சு தம்பி" என்று ஒருநாள் சொன்னார். உடனே சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. "இப்ப அதச் சொல்லக்கூடாது. ஆனா அழகா இருந்துச்சு. நாப்பது செய்யப்போறதா சொன்னாங்க. நாப்பதுக்கும் நாந்தான் அடிப்பேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அடிகருவியால் அடிக்கிறார். இன்னொருவர் உடம்புக்கூட்டுக்குள் படுத்துக்கொண்டு, டாலி என்கிற இரும்புக் கட்டையை ஆணியின் வாலுக்கு முட்டுக்கொடுக்கிறார். அடி விழ விழ அந்த வால் நசுங்கி, தட்டையாகப் பரவிப் பிடித்துக்கொள்ளும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இரைச்சலில் பேசவும் முடியாது. உள்ளே இருப்பவர் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. மூன்று என்றால் வால் மடங்கிவிட்டது, கெட்டது. கெட்டதை வெளியே இருப்பவர் சாக்கட்டியால் வட்டம் போட்டுவைப்பார். வரிசை முடிந்ததும் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். அதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

உள்ளே படுப்பது எப்போதும் பீர் முகைதீன். ஒடிசலான ஆள். ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஒருக்களித்து நுழைவார். அவருடைய தட்டு தப்பாது என்று பட்டறையில் பெயர்.

அது பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காதுக்குப் பின்னால் உள்ள வரிசை. ஐந்து ஆணிகளுக்கு மூன்று தட்டு வந்தது. சிலுவைமுத்து ஐந்து வட்டம் போட்டார். நண்பகல் ஆனதும் பீர் முகைதீன் வெளியே வந்து, முகம் கழுவிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். திரும்பி வந்ததும் அந்த ஐந்தையும் மாற்ற வேண்டும்.

சிலுவைமுத்துவுக்கு இரண்டு மணிக்கு ரயில். ஞாங்லெபின் மாதா திருவிழா. மனைவி தங்கம்மாளுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது நிற்க வேண்டும் என்று ஆள் உயர மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தார்கள். அவள் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாத வயிற்றோடு நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி வந்து, வரிசை முடிந்ததா, சாயங்காலத்துக்குள் காற்றுக்குழாயை ஏற்ற வேண்டும், நாளைக்கு போஜி வருகிறார் என்றார். அதிகாரியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"முடிஞ்சுதுன்னேன்" என்றார் சிலுவைமுத்து. "அஞ்சு வட்டத்தையும் இந்த விரலால அழிச்சேன். மேல பச்சைப் பெயிண்ட ஒரு இழுப்பு இழுத்தேன். ரயிலப் புடிச்சுட்டேன்."

ஜும்மா முடிந்து பீர் முகைதீன் திரும்பியபோது காற்றுக்குழாய் ஏறிவிட்டது. வரிசை மறைந்துவிட்டது. சிலுவ வேறு யாரையாவது டாலி பிடிக்கச் சொல்லி அடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. கேட்கும்படியான பழக்கம் அவர்களுக்குள் இல்லை.

ஒத்தக்காதன் மூன்று முறை பறந்தது. மூன்றாவது முறை காதுக்குப் பின்னால் தகடு எழும்பிப் படபடத்தது. ஓட்டியவர் பத்திரமாக இறக்கிவிட்டார். பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து ஆணிகளின் வாலும் மடங்கியிருந்தது.

விசாரணை ஒரு மேஜையில், அரை மணி நேரம். பீர் முகைதீன், மூன்று தட்டினேன் என்றார். போஜி சிலுவைமுத்துவைப் பார்த்தார். சிலுவைமுத்து, எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் தட்டினான் என்றார். வீட்டில் பெர்சிஸ் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"அவன் என்னத் திட்டியிருந்தா தேவலை தம்பி. என்னையப் பாத்தான். அப்புறம் அவன் கையப் பாத்தான். திருப்பித் திருப்பிப் பாத்தான். 'ஒண்ணு தட்டியிருப்பேன் போல'ன்னு சொல்லிட்டான்."

பீர் முகைதீனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். ஒத்தக்காதனைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அந்த ஐந்து ஆணிக்காகத்தான் கைவிட்டார்களா, பணமில்லாமலா, அடுத்த வருடம் மக்கள் போராட்டத்தில் நாடே கலங்கியதாலா, சிலுவைமுத்துவுக்குத் தெரியாது. ஒருநாள் சக்கரங்கள் இல்லாமல் இருந்தது. இன்னொரு நாள் அதுவே இல்லை.

பீர் முகைதீன் அதன் பிறகு எந்தக் கருவியையும் தொடவில்லை. ரயில் பட்டறையில் கூப்பிட்டும் போகவில்லை. என் கையை நானே நம்ப முடியாது என்றாராம். சைக்கா ஓட்டினார். பக்கவாட்டில் ஆள் உட்காரும் மிதிவண்டி. தாகேதாவில் முப்பது வருடம் மிதித்தார். மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் சிலுவைமுத்து பசுண்டாங் ஓடையைக் கடந்து அவரைப் பார்க்கப் போகிறார். பழமோ ரொட்டியோ வாங்கிப் போகிறார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று பீர் முகைதீன் வீட்டில் சொல்வார்கள்.

எனக்குக் கதையைச் சொல்லி முடித்தபோது நானும் ஒரு தவறு செய்தேன். இப்போது நடப்பதையெல்லாம் பார்த்தால், அந்த விமானம் நாற்பது பறக்காமல் போனது நல்லதுதானே என்றேன்.

அவர் சுற்றிவந்து, நான் அவருடைய வலப்பக்கம் இருக்கும்படி நின்றார்.

"நல்லதுக்குன்னு நான் பண்ணல. ரயிலுக்குப் பண்ணேன்."

ஈஸ்டருக்கு முந்தைய தபசுக்காலத்தில், வருடா வருடம், பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். முன்பிருந்த சாமியார்கள் செபம் சொல்லச் சொல்லி அனுப்பினார்கள். இந்த வருடம் புதிதாக வந்திருப்பவர் இளைஞர். அவர் சொன்னாராம்: "ஐயா, கடவுள் இதை முப்பது தடவை கேட்டுவிட்டார். அந்த மனுஷர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை."

போன மழைக்காலத்தில் பீர் முகைதீனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் காலும் போயின. வாய் கோணிவிட்டது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு, சிலுவைமுத்து என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அன்று பேருந்தின் தகட்டைத் தொடவில்லை. நேராக ஏறி உட்கார்ந்தார். பாலம் வரும்வரை வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

"முகைதீனு, நீ மூணு தட்டுனே. இப்படி ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பிக்கலாம் என்றேன்.

"அவன் கை தப்பு பண்ணல. அது ஒண்ணு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும். என்னைய அடிச்சான்னா அடிச்சுட்டுப் போறான். எடது கை இருக்குல்ல."

வீட்டில் மின்சாரம் இல்லை. வாசல் கதவைத் திறந்து போட்டு, அதன் எதிரே பீர் முகைதீனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைப் பனியன். அவருடைய மகள் உள்ளே அடுப்படியில் இருந்தாள். தரையில் இரண்டு பெண்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு வேலம்மா. ஐம்பது வயதிருக்கும். கையில் தூக்குவாளி. மற்றவள் அவளுடைய அக்கா. பகோ பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று மாதம் முன்பு வந்தவள். விமானம் வந்துபோன பிறகு வீடு இருந்த இடம் தெரியவில்லை, கிணற்றை வைத்து அடையாளம் பார்த்தோம் என்று வேலம்மாதான் சொன்னாள். அக்கா சுவரில் சாய்ந்து, வெளியே தெரிந்த வானத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"வாடா சிலுவ" என்றார் பீர் முகைதீன். வார்த்தைகள் ஒரு பக்கமாக வழிந்து வந்தன. "சரியான நேரத்துக்கு வந்துட்டான் பாரு. இவன்ட்டயே கேளு வேலம்மா."

"அண்ணே, உக்காருங்க" என்று வேலம்மா நகர்ந்து இடம் விட்டாள். "பாய் சொல்லிக்கிட்டிருந்தாக. அக்காவுக்குத் தெரியாதுல்ல, அதான் மறுபடியும் சொல்லச் சொன்னேன்."

"என்னத்த?" என்றார் சிலுவைமுத்து.

"அந்தக் கோண மூஞ்சி விமானத்த. நம்ம பாய்தான நிறுத்துனாக."

சிலுவைமுத்து உட்காரவில்லை.

பீர் முகைதீன் இடது கையைத் தூக்கி, விரல் முட்டியால் நாற்காலிச் சட்டத்தில் ஒரு தடவை தட்டிக் காட்டினார். "ஒண்ணு. அம்புட்டுத்தான். வால் மடங்கியிருக்கு, எனக்குத் தெரியுது. மூணு தட்டணும். தட்டல. எதுக்குச் செய்றானுங்கன்னு தெரியுமே. மேலேருந்து சுடுறதுக்கு. யாரச் சுடுவான், நம்மளத்தான். தெரிஞ்சேதான் ஒண்ணு தட்டுனேன். அஞ்சுக்கும்."

இது சிலுவைமுத்து கேள்விப்படாத கதை. அவர் முகத்திலிருந்து எனக்கு அது தெரிந்தது. ஒன்று தட்டியிருப்பேன் போல என்பது, இந்த மூன்று நான்கு வருடங்களில், விமானச் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நாளில், ஒன்றுதான் தட்டினேன் என்று ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, தெரிந்தேதான் தட்டினேன் என்று.

"வேலைய விட்டுத் தொரத்திட்டானுங்க" என்று வேலம்மா அக்காவிடம் சொன்னாள். "முப்பது வருசம் சைக்கா மிதிச்சாக. யார்ட்டயும் மூச்சு விடல. படுத்ததுக்கப்புறம்தான் நமக்கே தெரியும்." பிறகு எங்களைப் பார்த்து, "அதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நம்ம வீட்லேருந்து இவுகளுக்குச் சோறு. இன்னிக்கு ஞாயித்துக்கெழமன்னாலும் அக்கா செஞ்சா, தன் கையால குடுக்கணும்னு" என்றாள்.

அக்கா முதல் தடவையாகப் பேசினாள். பீர் முகைதீனிடம் அல்ல, சிலுவைமுத்துவிடம். தாழ்ந்த குரல். அவர் வலது காதை அவள் பக்கம் திருப்பி நிற்க வேண்டியிருந்தது.

"நெசமாவாண்ணே?"

பீர் முகைதீன் அவளைப் பார்க்கவில்லை. சிலுவைமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் நன்றாக இருக்கும் பாதியில் சிரிப்பு இருந்தது. கண்ணில் அது இல்லை. கண் கேட்டுக்கொண்டிருந்தது. போஜியின் மேஜையில் எப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிலுவைமுத்து சட்டென்று தரையைப் பார்த்தார்.

அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. மகள் மூடியைத் தூக்கினாள்.

"நெசந்தான் தங்கச்சி" என்றார் சிலுவைமுத்து. "நான் வெளியதான் நின்னேன்."

"கேட்டியா" என்றார் பீர் முகைதீன். "கேட்டியா வேலம்மா." உடம்பு குலுங்கச் சிரித்தார். நாற்காலி கிரீச்சிட்டது. "இவன் பயந்தாங்கொள்ளி. இவன்ட்ட முன்னாலயே சொல்லியிருந்தா உளறியிருப்பான். அதான் இவன்ட்டயும் சொல்லல. கோவிச்சுக்காதடா."

"கோவமில்ல" என்றார் சிலுவைமுத்து.

அக்கா தூக்குவாளியைத் திறந்தாள். தேங்காய்ச் சோறும் கோழிக்குழம்பும். ஒரு தட்டில் போட்டு, பிசைந்து, எழுந்து வந்து பீர் முகைதீனின் இடது கைக்கு எட்டும்படி பிடித்துக்கொண்டாள். அவர் சாப்பிட்டார். பாதி சிந்தியது. அவள் பொறுமையாகத் துடைத்துவிட்டாள்.

அந்தப் பெண்கள் இருவரும் போன பிறகு வாசலருகே நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். இப்போது சொல்லலாம். நான் தெருவுக்குப் போவதற்காக எழுந்தேன். சிலுவைமுத்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடி வலித்தது.

"மழைக்கு முன்னால வீட்டுக்கூரையப் பாக்கணும் முகைதீனு" என்றார். "அங்கங்க வெளிச்சம் தெரியுது."

"பாரு. ஒனக்கு வேற என்ன வேலை."

பிறகு பெர்சிஸ், வெயில், ரொட்டி விலை. அரை மணி நேரம். திரும்பும் பேருந்துக்கு நேரமானதும் பீர் முகைதீன் வழியனுப்ப எழுந்தே தீருவேன் என்றார். இடது கையால் நாற்காலியை ஊன்றி, ஒரு காலில் நின்றார். சிரித்ததிலும் அசைந்ததிலும் லுங்கியின் முடிச்சு தளர்ந்திருந்தது. நழுவத் தொடங்கியது. பிடிக்கக் கை இல்லை. இருந்த ஒரு கை நாற்காலியில் இருந்தது.

சிலுவைமுத்து முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தார். நழுவிய துணியை இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினார். மடிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, வயிற்றில் அழுத்தி, முறுக்கிச் செருகினார். சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினார்.